கம்பி இல்லீங்க, லைட்டுதான்

என்னை யாருக்காவது அறிமுகம் செய்யும்போது 'ஓய்வு பெற்ற ட்ரோன் பைலட்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். மருந்து தெளிக்கிற ட்ரோன் நம் பக்கத்து வயல்களுக்கு வந்தே சில வருடங்கள்தான் ஆகின்றன. அதற்குள் அதிலிருந்து ஒருவன் ஓய்வும் பெற்றுவிட்டானா என்று அவர்களுக்கு ஆச்சரியம். உண்மை என்னவென்றால், நான் இந்த வேலைக்கு வந்தபோதே அறுபதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டம் சொல்கிற வயது வரம்பு வந்ததும் ரிமோட்டை மரியாதையாகக் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். நடுவில் கிடைத்த கொஞ்ச வருடங்கள்தான் என் மொத்த சர்வீஸ்.

இப்போது திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் குடியிருக்கிறேன். எதிர் வீட்டு மாடியில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர், நான் ட்ரோன் ஓட்டியவன் என்று கேள்விப்பட்டு ஆசையாக ஓடிவந்தார். மலையை மேலிருந்து படம் பிடித்திருக்கிறீர்களா என்று கேட்டார். "இல்லை, நெல்லுக்குப் பூச்சி மருந்து அடிப்பேன்" என்றேன். மனிதர் முகம் அப்படியே வாடிவிட்டது. அவர் இயற்கை உணவு மட்டும் சாப்பிடுகிறவராம். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வதோடு சரி.

உங்களை மாதிரி புதிதாக வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி நம் உழவர் குழுவிலிருந்து கேட்டார்கள். ரிமோட்டை எப்படிப் பிடிப்பது, பாட்டரியை எப்படி ஏற்றுவது, மருந்தை எந்த அளவில் கலப்பது, இதெல்லாம் பயிற்சியில் சொல்லித்தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். நான் சொல்ல வந்தது பத்தடி உயரத்தைப் பற்றி.

பெரிய விமானம் ஓட்டுகிறவருக்கு மேலே ஏறிவிட்டால் வானம் முழுக்கக் காலி. நமக்குக் கிடைத்திருப்பது பயிருக்கு மேலே பத்தடி. அந்தப் பத்தடியில்தான் ஊர் முழுக்கத் தன் சாமான்களை வைத்திருக்கிறது. கிணற்று மோட்டாருக்குப் போகிற லைன், கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி, வேப்பங்கிளை, தொங்குகிற தென்னை மட்டை, தலைவர் பிறந்தநாளுக்குக் கட்டி அவிழ்க்க மறந்த பிளெக்ஸ், பன்றியை மிரட்டக் கட்டிய பழைய புடவை. இவற்றில் ஒன்றுகூட நமக்காகக் கட்டியது இல்லை. நமக்குச் சொல்லிவிட்டும் யாரும் கட்டுவதில்லை.

எனக்குப் பயிற்சி கொடுத்தது ஒரு பெண். என் மகளைவிடச் சின்னவள். வகுப்பில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், என்னை மட்டும் 'அங்கிள்' என்பாள். நான் அதற்கு முன்னால் திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகிற தனியார் பஸ்ஸில் டிரைவராக இருந்தவன். டிரைவர் புத்தி என்று ஒன்று உண்டு. டயர் வெடித்தாலும், மழை கொட்டினாலும், வண்டியை நடுவழியில் போட்டுவிட்டு வந்தான் என்ற பேர் மட்டும் வாங்கக் கூடாது. எப்படியாவது உருட்டிக்கொண்டு வந்து ஸ்டாண்டில் சேர்த்துவிட வேண்டும். முப்பது வருடத்தில் அது எனக்கு ரத்தத்திலேயே ஊறிவிட்டது.

அந்தப் பெண் இரண்டாம் நாளே இதைக் கண்டுபிடித்துவிட்டாள். மெஷின் கொஞ்சம் தடுமாறினாலும் நான் அதைக் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவரப் பார்ப்பேன். அவள் பின்னால் நின்று, "கீழ போடுங்க அங்கிள்" என்பாள். "எங்கம்மா போடறது, சேறா இருக்கே" என்பேன். "சேத்துலதான் போடுங்க" என்பாள். ஒருநாள் வைக்கோல் போரில் இறக்கச் சொன்னாள். இன்னொரு நாள் முள்வேலிக்குப் பக்கத்தில். எனக்கு மனசே வராது. நான் தினமும் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு எடுக்கிற மெஷின் அது.

"அங்கிள், இது பஸ்ஸு இல்ல. உள்ள பாசஞ்சர் யாரும் இல்ல. எல்லா பாசஞ்சரும் வெளியதான் நிக்கறாங்க. மனுஷன் மேல மட்டும் போடாதீங்க, மத்த எங்க வேணும்னாலும் போடுங்க" என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கை கேட்கவில்லை. பயிற்சி முடிகிற வரைக்கும் அவள் என்னைக் 'கீழ போடுங்க அங்கிள்' என்றேதான் கூப்பிட்டாள்.

இனி ஏழுமலை கதைக்கு வருகிறேன்.

கீழ்பென்னாத்தூருக்குக் கொஞ்சம் உள்ளே அவர் ஊர். ஆடி மாதம். நெல் கதிர் வாங்கி நிற்கிற சமயத்தில் புகையான் பூச்சி விழுந்துவிட்டது. புகையான் பார்த்திருப்பீர்கள். பச்சையாக நிற்கிற வயலில் அங்கங்கே நெருப்பு வைத்தது போல வட்டம் வட்டமாகக் காய்ந்துபோகும். விட்டால் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வயலே போய்விடும். முந்தின நாள் ராத்திரி ஏழுமலை போனில் அழாத குறையாகப் பேசினார்.

"காலையில மொத வேலையா எனக்கு அடிச்சுக் குடுத்துடுங்க. நாலு வட்டம் உழுந்துடுச்சு. இன்னும் ரெண்டு நாள் வுட்டா அறுக்கறதுக்கு ஒண்ணும் இருக்காதுங்க."

பொழுது விடிந்ததும் நானும் அமுதாவும் வண்டியில் மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டோம். அமுதா என்னோடு வேலை செய்த பெண். நான் ரிமோட்டோடு ஒரு முனையில் நின்றால், அவள் வாக்கிடாக்கியோடு அடுத்த முனையில் நிற்பாள். என் கண்ணுக்கு எட்டாதது அவள் கண்ணுக்கு எட்டும். இரண்டு பேர் இல்லாமல் நான் மெஷினைத் தரையிலிருந்து எடுத்ததே இல்லை.

ஊருக்குள் நுழையும்போதே பம்பைச் சத்தம். அன்றைக்கு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள். ஏழுமலை போனில் இதை மட்டும் சொல்லவில்லை. அவர்தான் விழாக்குழுவில் முக்கிய ஆள் என்பதும் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. தோளில் மஞ்சள் துண்டோடு ஓடிவந்தார்.

"கூழு மத்தியானம்தாங்க. நீங்க அதுக்குள்ள முடிச்சுக்கினு கெளம்பிடுவீங்க."

முதலில் வயலைப் பார்த்தேன். அவர் வயல் வடக்கு தெற்காக நீளமானது. நடுவில் ஒரு குறுக்கு வரப்பு, அதில் ஒற்றைத் தென்னை. அந்த வரப்பு வயலை வடக்குத் துண்டு, தெற்குத் துண்டு என்று இரண்டாகப் பிரிக்கிறது. கோயில் மேற்கே, வயலை ஒட்டியே இருக்கிறது. கோயிலுக்கு முன்னால் கூழ்ப் பானைகள். மருந்து அந்தப் பக்கம் ஒரு சொட்டு போனாலும் ஊர் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

காற்றைப் பார்த்தேன். மேற்கிலிருந்து கிழக்கே ஆடிக் காற்று நன்றாக இழுத்துக்கொண்டிருந்தது, ஆனால் இன்னும் வேகம் எடுக்கவில்லை. மருந்து கோயில் பக்கம் போக வழியில்லை. கிழக்கே கொஞ்ச தூரத்துக்கு ஏழுமலையின் தரிசு, அதற்கப்புறம்தான் தார் ரோடு. பானைகளை மூடச் சொன்னேன், கிழக்குப் பக்கம் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு வரப்பில் ஒரு சுற்று நடந்தேன். நடந்துகொண்டே ஏழுமலையிடம் கேட்டேன்.

"வயலுக்கு மேல கம்பி எதுனா போவுதா?"

"கம்பியே இல்லீங்க. மோட்டார் லைன்கூட அந்தப் பக்கத்தால போவுது."

"ஸ்டே கம்பி?"

"அதுவும் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. புதுசா எதுனா கம்பி கட்டினாங்களா?"

"அட, இல்லவே இல்லீங்க. என் வயலுல எனக்குத் தெரியாம யாரு கம்பி கட்டுவான்?"

நானும் என் கண்ணால் பார்த்தேன். உண்மையிலேயே எதுவும் இல்லை. தென்னை ஒன்றுதான். அதை மெஷினில் தடை என்று குறித்துக்கொண்டேன். அது தானாகத் திரும்பி வருவதற்குப் பதினைந்தடி உயரம் வைத்தேன், தென்னைக்குக் கிழக்கே இருந்த அகலமான இடைவெளி வழியாக வருகிற மாதிரி. நான் வடக்கு முனையில். அமுதா தெற்கு முனையில். மெஷின் கிளம்பியது.

ஊரே வேடிக்கை பார்க்க வரப்பில் வந்துவிட்டது. அது எனக்குப் பழக்கம்தான். 'இன்னா சத்தம் பாரு', 'கூழு ஊத்தற அன்னிக்குப் பறக்குது பாரு' என்று ஆளாளுக்குப் பேசினார்கள். வடக்குத் துண்டு சுத்தமாக முடிந்தது. பாட்டரி மாற்றி, மருந்து நிரப்பி, தெற்குத் துண்டுக்கு அனுப்பினேன். வட்டங்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஏழுமலை என் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். நாலு நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ரத்தம் ஓடியது அப்போதுதான்.

இந்த நேரத்தில்தான் பாஷா பாய் வந்து சேர்ந்திருக்கிறார். மைக் செட், சீரியல் செட் போடுகிறவர். அந்தச் சுற்றுப்பக்கத்தில் எந்த அம்மன் கோயில் விளக்கு எரிந்தாலும் அது அவர் கை வைத்ததாகத்தான் இருக்கும், அவர் அப்பா காலத்திலிருந்தே அப்படி. ஆடி ஞாயிறு என்பதால் மூன்று ஊருக்கு ஒப்புக்கொண்டு, இங்கே வர நேரமாகிவிட்டது. வந்த வேகத்தில் ஆட்கள் ஸ்பீக்கரைக் கட்டி 'மைக் டெஸ்டிங், மைக் டெஸ்டிங்' என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவர் சீரியல் ஒயர் சுருளை எடுத்துக்கொண்டு, கோயிலிலிருந்து ரோட்டில் வைத்த அலங்கார வளைவு வரைக்கும் லைட் கட்டக் கிளம்பினார். ரோட்டைச் சுற்றிப் போனால் தூரம். ஏழுமலை வயலின் குறுக்கு வரப்போடு போனால் பக்கம். நடுவில் கட்டிவைக்க ஒரு தென்னையும் இருக்கிறது.

அதாவது எனக்கும் மெஷினுக்கும் நடுவில்.

வாக்கிடாக்கியில் அமுதா கத்தினாள். ஸ்பீக்கரில் யாரோ 'ஹலோ ஹலோ ஒன் டூ த்ரீ' என்று இன்னும் பெரிதாகக் கத்தினார்கள். எனக்குக் கேட்டது ஒரே ஒரு சொல்.

"லைட்டு! அண்ணா, லைட்டு!"

நான் மெஷினின் லைட்டைப் பார்த்தேன். பாட்டரி இறங்கினால் அதில் சிவப்பு எரியும். எரிந்துகொண்டிருந்தது. 'சரியாகத்தான் சொல்கிறாள், நல்ல பெண்' என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் மெஷின் தானாகவே ஏறி, நேர்கோட்டில் என்னிடம் வந்துவிடும். அது வருகிற பாதையைச் சும்மா ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணைத் திருப்பினேன்.

தென்னையில் ஒரு ஏணி சாய்ந்திருந்தது. ஏணியின் உச்சியில் ஒரு மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். நெல்லுக்குள் கிடந்த ஒயரை ரோட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் இழுக்க இழுக்க, அது கதிர்களுக்கு மேலே எழுந்து, நான் விட்டுவைத்த அந்த அகலமான இடைவெளியில் பதினைந்தடிக்கு விறைத்துக்கொண்டு நின்றது.

மெஷினை என் கட்டுப்பாட்டுக்கு மாற்றினேன். அது நின்ற இடத்திலேயே நின்று ஆடியது. காற்று அப்போது பார்த்துத்தான் வேகம் எடுத்தது. பாட்டரி 'வா வா' என்று கூப்பிட்டது. எனக்கு முன்னால் என்ன வழி இருந்தது என்று நீங்களே பாருங்கள். மேற்கே கோயில், சனம், கூழ்ப் பானை. கிழக்கே ஒயரை இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள். தெற்கே ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. இன்னும் உயரமாக ஏற்றி, ஒயரைத் தாண்டி, ஏணிக்கு மேலே கொண்டுவந்துவிடலாம். பாட்டரியில் அந்த அளவுக்குத் தெம்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். டேங்கில் பாதி மருந்து. இருந்தாலும் கொண்டுவந்துவிட முடியும் என்றுதான் எனக்குத் தோன்றியது. டிரைவர் புத்தி என்றேனே, அது காதுக்குள் அவ்வளவு பலமாகப் பேசியது. ஸ்டாண்டு பக்கத்தில்தான் இருக்கிறது, உருட்டிவிடு என்றது.

முடியும் என்று தோன்றுவதும் முடிவதும் வேறு வேறு. அந்த இரண்டுக்கும் நடுவில் ஏணியில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இதில் எதுவுமே தெரியாது. அதை நினைத்ததும் என் இடது கட்டைவிரல் ரிமோட்டின் குச்சியைக் கீழே இழுத்துவிட்டது.

மெஷின் கதிர் வாங்கிய நெல்லுக்குள் அப்படியே உட்கார்ந்தது. இறக்கைகள் கதிர்களைச் சீவி எறிந்தன. சேறு ஆள் உயரத்துக்குத் தெறித்தது. ஒருமுறை இருமியது, அடங்கிவிட்டது. சரியாக அதே நேரத்தில் ஸ்பீக்கரும் நின்றது. அந்த அமைதியில் ஊர் முழுக்கக் கேட்டது ஏழுமலை குரல் ஒன்றுதான்.

"ஐயோ என் நெல்லு!"

பிறகு நடந்த வாக்குவாதத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். எனக்குச் சரியான கோபம்.

"கம்பி எதுனா இருக்கான்னு மூணு தடவ கேட்டனே, இல்லன்னீங்களே!"

"இல்லதான்! எங்க கம்பி காட்டுங்க பாக்கலாம்!"

"அது இன்னா?"

"அது லைட்டு!"

"லைட்டு எதுல தொங்குது?"

"ஒயர்ல."

"ஒயரு இன்னா, கம்பி இல்லியா?"

"கம்பின்னா கரண்டு கம்பிங்க. ஒயரு ஒயரு. லைட்டு லைட்டு. நீங்க கம்பிதான கேட்டீங்க? இன்னிக்கி லைட்டு கட்டுவீங்களான்னு கேட்டிருந்தா, ஆமாம், பாஷா பாய் வந்துக்கினு இருக்காருன்னு சொல்லியிருப்பேன்!"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவர் பக்கம். ஒயரைக் கம்பி என்று யாராவது சொல்வார்களா என்று ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். அமுதா மூச்சிரைக்க ஓடிவந்து, "லைட்டுன்னு அவ்ளோ கத்தினேனே அண்ணா" என்றாள். "நான் மெஷின் லைட்டுன்னு நெனச்சேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஒரே தமிழைத்தான் நாங்கள் மூன்று பேரும் பேசினோம். ஆளுக்கொரு கம்பி, ஆளுக்கொரு லைட்டு.

பாஷா பாய் ஏணியிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். என்ன நடந்தது என்று அவருடைய ஆள் சொல்லியிருக்க வேண்டும். மெஷின் கிடந்த இடத்தைப் பார்த்தார். நான் நின்ற இடத்தைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்த தென்னையைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணா, அது நேரா உங்ககிட்ட வந்திருந்தா?"

"ஒயர்ல மாட்டியிருக்கும் பாய். ஒயரு அறுந்திருக்கும், இல்லன்னா இழுத்துக்கினு போயிருக்கும்."

அவர் சட்டையைக் கொஞ்சம் தூக்கினார். ஒயர் அவர் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

"இதான் எங்க பழக்கம். ஏணிக்கு ரெண்டு கையும் வேணுமில்ல? ஒயர இடுப்புல கட்டிக்கினுதான் ஏறுவோம். மேல போய்தான் அவுப்போம்" என்றார்.

ஏழுமலை மஞ்சள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். மெஷின் போனதற்கு வந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த மனிதரின் இடுப்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நானும் அமுதாவும் கையுறை போட்டுக்கொண்டு இறங்கினோம். முதலில் பாட்டரியைக் கழற்றித் தனியாக மணலில் வைத்தோம். டேங்கைக் கழற்றினோம், மெஷினைக் கழுவினோம். அதுவரைக்கும் யாரையும் கிட்டே விடவில்லை. பிறகு அதைச் சேற்றிலிருந்து கரைக்குக் கொண்டுவர நாலு பேர் இரண்டு மூங்கிலைச் செருகித் தோளில் தூக்கினார்கள். சாமி புறப்பாடு போலவே இருந்தது. பம்பைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு அடி அடித்தார்கள். ஒரு அம்மா நிஜமாகவே கன்னத்தில் போட்டுக்கொண்டார். காலையிலிருந்து ஏழுமலை முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

பயிற்சி கொடுத்த பெண்ணுக்குப் போன் போட்டேன். மெஷின் தண்ணீரில் போய்விட்டது என்று எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்தேன். அவள் குறுக்கே கேட்டது ஒன்றுதான்: "யாருக்காவது அடி பட்டுச்சா?" இல்லை என்றேன். "சேத்துல போட்டீங்களா?" ஆமாம் என்றேன். "பயிற்சி முடிஞ்சுபோச்சு அங்கிள்" என்றாள். சர்டிபிகேட் கையில் வாங்கி அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஏழுமலையின் நெல்லுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தெற்குத் துண்டில் பாதிதான் முடிந்திருந்தது. மறுநாள் விடியற்காலையில் ஊர்க்காரர்கள் ஆறேழு பேர் முதுகில் கைத்தெளிப்பானை மாட்டிக்கொண்டு வந்து மீதியை அடித்துக் கொடுத்தார்கள். விழாக்குழு ஆள் வயல் அல்லவா, அதுவும் அம்மன் லைட்டால் நின்றுபோன வேலை அல்லவா. காய்ந்த வட்டங்கள் காய்ந்ததுதான். மெஷின் உட்கார்ந்த இடத்தில் ஒரு வட்டம் கூடுதல். அது புகையான் கணக்கில் சேராது, ட்ரோன்காரர் கணக்கு என்று அவர் அறுவடை வரைக்கும் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். மற்றதெல்லாம் நல்லபடியாக அறுத்தார்.

அதற்குப் பிறகு நான் எந்த வயலிலும் 'கம்பி இருக்கா' என்று கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு எல்லோரும் உண்மையான பதிலைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது நமக்கு வேண்டிய பதில் இல்லை. "இந்த வயலுக்கு மேல ஒரு காக்கா வந்தா எங்கெங்க குந்தும்?" என்று கேட்பேன். உடனே சொல்லிவிடுவார்கள். லைனில் குந்தும், அந்தக் கொம்பில் குந்தும், பந்தல் கயிற்றில் குந்தும். அடுத்ததாக, "இன்னிக்கி ஊருல இன்னா விசேஷம்?" என்று கேட்பேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி, எதுவாக இருந்தாலும் நம் ஊரில் முதலில் கட்டுவது ஒரு கயிற்றையோ ஒயரையோதான். அடி அண்ணாமலையில் ஒருவர் பௌர்ணமி அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டு, விசேஷம் ஒன்றுமில்லை என்றார். கிரிவலப் பாதையில் அவர் வாசலைத் தாண்டி லட்சம் பேர் நடக்கிறார்கள். அது அவருக்கு மாதாமாதம் நடப்பது, விசேஷமில்லை. வண்டியை விட்டு இறங்காமலே திரும்பிவிட்டேன். ஆக, எந்தக் கேள்வியும் முழுசாகப் போதாது. மெஷின் மேலே இருக்கிற வரைக்கும் உங்கள் கண் ஊர் மேலேயும் இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

நாங்கள் கிளம்பப் பார்த்தோம், ஊர்க்காரர்கள் விடவில்லை. கூழும் கருவாட்டுக் குழம்பும் எங்களுக்கு எடுத்து வைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்து, பாஷா பாய் சுவிட்ச் போட்டார். கோயிலிலிருந்து ரோடு வரைக்கும் சிவப்பும் பச்சையுமாக ஓடியது. ஒயரை அவர் கடைசியில் ரோட்டைச் சுற்றித்தான் கட்டியிருந்தார். வயல் பக்கம் போகவே இல்லை. பிறகு மைக்கைக் கையில் எடுத்து, திருவிழாவுக்கு யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று வரிசையாக வாசிக்க ஆரம்பித்தார். நல்ல கணீர்க் குரல்.

"கூழுக்குக் கேழ்வரகு, மேலத்தெரு மகளிர் குழு உபயம். பூ அலங்காரம், பால் சொசைட்டி உபயம். பந்தல், அண்ணன் ஏழுமலை உபயம். சீரியல் செட், விழாக்குழு உபயம்."

அங்கே நிறுத்தினார். மைக்கில் அவர் மூச்சு விடுவது கேட்டது.

"சீரியல் செட்டுக்காரன் பாஷா, ட்ரோன்காரர் உபயம்."

கூட்டம் சிரித்துக் கை தட்டியது. அமுதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு முன்னால் சொம்பில் இருந்த கூழ் மங்கலாகிவிட்டது.